அரை கட்டடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள்

அம்மா இறந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது. இந்த வாரம் கொரோனா எண்ணிக்கை மறுபடி ஏறுவதாகச் செய்தியில் சொல்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் இருப்பவர்கள் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "உங்கம்மாவுக்கு அப்புறம் எப்படிச் சரியாச்சு?" காய்ச்சல் போன பிறகும் போகாத களைப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒருவர் தம்பிக்காக. இன்னொருவர் தனக்காகவே. நின்றபடி சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழுதாகச் சரியாகவில்லை. ஆனால் அவள் எதைத் திரும்பக் கேட்டாளோ அது கிடைத்தது. அவள் போனது இதயம் நின்று. ஐந்து வருடம் முன்பு வந்த தொற்றுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று டாக்டரிடம் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். தெரியாததை நான் எழுதப் போவதில்லை.

அம்மா தண்ணீர் மீட்டர் பார்க்கிறவள். அவளுடைய லைனில் பதினொரு கட்டடங்கள். ஒவ்வொன்றும் ஆறு மாடி, மாடிக்கு ஆறு வீடு, லிஃப்ட் கிடையாது. மீட்டர்கள் ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டு திரும்பும் இடத்தில், சுவரில் பதித்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து, எண்ணைப் பார்த்து, வாய்விட்டு ஒருமுறை சொல்லி, அட்டையில் எழுதி, மூட வேண்டும். தொற்று வருவதற்கு முன்பே இருபத்தோரு வருடம் செய்திருந்தாள். கட்டடக்காரர்கள் அவளை மீட்டரம்மா என்றார்கள். எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து அவள் என்னை இஞ்சினியரம்மா என்றாள். ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கிற வேலை எனக்கு. "ரெண்டு பேரும் முள்ளைப் பார்த்துச் சாப்பிடறவங்கதான். நீ ஏ.சி.யில பார்க்கிறே, நான் ஏணிப்படியில பார்க்கிறேன்" என்பாள்.

முந்தைய மாத எண்கள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். முந்நூற்றுத் தொண்ணூற்றாறு எண்கள். அதனால்தான் அட்டையைப் புரட்டாமலே, "இந்த வீட்டுல எங்கேயோ ஒழுகுது" என்று கதவைத் தட்டுவாள். ஒருமுறை நீலக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் தையல்காரரின் மீட்டர் நிற்காமல் ஓடியது. தட்டினாள், திறக்கவில்லை. பூட்டை உடைக்க வைத்தாள். மனிதர் குளியலறையில் வழுக்கி விழுந்து, குழாய் திறந்தபடி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். லைன் என்றால் அவளுக்கு அதுதான். எண்ணை வைத்து ஆளைத் தெரிந்துகொள்வது.

தொற்று எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பாவுக்கு நான்கு நாள் இருமல். அம்மாவுக்கு மூன்று வாரம் காய்ச்சல். அப்பா தினமும் காலையில் செய்தியைப் பார்த்து உரக்கச் சொல்வார்.

"இன்னைக்கு ஆயிரத்து இருநூறாம்."

கட்டிலிலிருந்து அம்மா கேட்பாள். "நேத்து எவ்வளவுங்க?"

"ஆயிரத்து நூத்திச் சொச்சம்."

"சொச்சம்னு ஒரு எண் கிடையாது. வித்தியாசத்தைச் சொல்லுங்க, இல்லன்னா பேசாம இருங்க."

இரண்டாவது மாதம் வேலைக்குப் போனாள். பரிசோதனைகள் எல்லாம் சரி என்று சீட்டு கொடுத்திருந்தார்கள். மூன்றாவது நாள் சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எல்லோரும் கேட்டோம்.

"ஏம்மா, நீலக் கட்டடத்துல முப்பத்தாறு வீடு. ஒரு மாசமா ஒருத்தர்கூடக் குளிக்கலையா?"

"என்ன சார்?"

"எல்லா வீட்டுக்கும் உபயோகம் சைபர்னு வருது. போன மாச நம்பரை அப்படியே எழுதியிருக்கீங்க. ஆபீஸ்ல உட்கார்ந்து எழுதினீங்களா?"

அம்மா ஆறு மாடியும் ஏறியிருந்தாள். பெட்டியைத் திறந்திருந்தாள். கண் எண்ணைப் பார்த்திருக்கிறது. மூச்சு வாங்கியதில் மூளை மங்கி, கை மனப்பாடத்தில் இருந்ததை எழுதியிருக்கிறது. முப்பத்தாறு முறை. ஒரு இலக்கம்கூடப் பிசகாமல், போன மாதத்தை.

பார்க்காத எண்ணை எழுதுகிறவள் என்ற பேச்சை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அவளோடு வேலை செய்த ஒருவர் உண்டு. நிற்காமல் சுற்றுவார், அதனால் பம்பரம். அன்று மாலை அவரே போனில் பேசினார். "அக்கா, போன மாசத்தை அப்படியே ஒப்பிச்சிருக்கீங்க. எனக்கு நேத்து என்ன சாப்பிட்டேன்னே ஞாபகம் இல்ல. இதுக்குப் போய் அழலாமா?"

"அழலடா. உனக்கு லைனைக் கொடுத்துட்டாங்களா?"

"மூணு மாசத்துக்குன்னு சொன்னாரு."

மூன்று மாதம்தான் அவகாசம். அதற்குள் அம்மா சரியானால் லைன் அவளுக்கு. இல்லையென்றால் லைன் நிரந்தரமாகக் கை மாறும். அவளுக்கு அலுவலகத்தில் ஏதாவது கிடைத்தால் உண்டு.

நான் களத்தில் இறங்கினேன். இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும்.

அழுத்தமானியைச் சோதிக்கும்போது படிப்படியாக ஏற்றுவோம். ஒரு அளவு, நிறுத்து, குறி. அடுத்த அளவு, நிறுத்து, குறி. அம்மாவுக்கும் அதையே செய்தேன். முதல் நாள் ஒரு மாடி. இரண்டு நாளுக்கு ஒரு மாடி கூட்டு. ஏறியதும் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார். தொண்ணூற்றேழு. ஏறிய மாடிகளை வரைபடமாகப் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டினேன். கோடு மேலே போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, நம்பர் சரியா இருக்கு."

"நம்பர் சரிதான்டி. நான் சரியில்லை."

"பயம்தான் உனக்கு. கோட்டைப் பாரு, எப்படி ஏறுது."

அப்பா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கம்மா என்ன பிரஷர் குக்கரா, விசில் வர்ற வரைக்கும் ஏத்திக்கிட்டே இருக்கே?"

பதினோராம் நாள் ஆறு மாடி ஏறினாள். நான் கை தட்டினேன். பதின்மூன்றாம் நாள் காலை அவளால் சீப்பைத் தூக்கித் தலை வார முடியவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாள். திரையை இழுத்துவிட்டோம். கரண்டி தட்டில் படும் சத்தம் தலைக்குள் அடிக்கிறது என்றாள். பிளாஸ்டிக் கரண்டி வாங்கினோம். பதினாறு நாள் அப்படிக் கிடந்தாள். அந்தப் பதினாறு நாளும் ஆக்சிமீட்டர் தொண்ணூற்றேழுதான் காட்டியது.

படுத்த பதினேழாம் நாள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். என்னைக் கூப்பிட்டாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையை ஆட்டி நிறுத்தினாள்.

"ஒரு வீட்டுல கசிவு இருக்கான்னு எப்படிப் பார்ப்போம்?"

"குழாயெல்லாம் மூடிட்டு மீட்டரைப் பார்ப்போம்."

"நீ என்ன பண்ணினே?"

நான் குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்த வரைபடத்தைப் பார்த்தேன்.

"எல்லாக் குழாயையும் திறந்து விட்டுட்டுப் பார்த்தே. ஓடும்போது ஓடத்தான் செய்யும். எங்கே ஒழுகுதுன்னு அதுல தெரியாது. அந்தக் கோட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு எனக்கு ஒரு நோட்டு கொடு."

அம்மாவின் முறை இதுதான். காலையில் கண் விழித்ததும் யாரிடமும் பேசாமல் அரைமணி நேரம் அசையாமல் படுத்திருப்பாள். பிறகு மணிக்கட்டில் விரலை வைத்து நாடியை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுவாள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கலாமே என்றேன். "அது சராசரி. மீட்டர் கெட்டுப்போன வீட்டுக்குப் போடறது" என்றாள். நோட்டில் நாடி, அன்று என்ன செய்தாள், மறுநாள் எப்படி இருந்தது, அதற்கு மறுநாள் எப்படி இருந்தது என்று நான்கு பத்தி.

இதில் அப்பாவுக்குத்தான் பெரிய கஷ்டம்.

"அரைமணி நேரம் நான் பேசக் கூடாதா? காலங்காத்தால?"

"ஆமாங்க."

"செய்தி மட்டும் படிக்கட்டுமா? மெதுவா?"

"மனசுக்குள்ள படிங்க."

மூன்று வாரத்தில் நோட்டு பேசியது. படி ஏறினாலும் சரி, போனில் ஒருமணி நேரம் பேசினாலும் சரி, விசாரிக்க வந்தவர்களோடு சிரித்துக்கொண்டிருந்தாலும் சரி, அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளும் பெரிதாகத் தெரியாது. அதற்கு மறுநாள்தான் ஆளைச் சாய்க்கும். நான் அன்றன்றைக்கு மட்டும் அளந்துகொண்டிருந்தேன். காலை நாடி வழக்கத்தைவிடப் பத்துக்கு மேல் கூடியிருந்தால் அன்று அவள் எதையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். ஒரு மாடி ஏறி, மூச்சும் நாடியும் இறங்கும் வரை உட்கார்ந்து, அடுத்த மாடி. மூன்று மாடிக்கு மேல் இல்லை. மறுநாள் ஓய்வு. இப்படிச் செய்தால் மூன்றாம் நாள் விழவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு வேறொரு டாக்டரிடம் போனோம். அந்த அம்மாள் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதை யாரு சொல்லிக் கொடுத்தாங்க?"

"தண்ணி மீட்டர்" என்றாள் அம்மா.

டாக்டர் சிரிக்கவில்லை. "இதே மாதிரி என்கிட்ட இன்னும் இருபது பேர் வர்றாங்க. எல்லார்கிட்டேயும், முடிஞ்சதைவிடக் கொஞ்சம் கம்மியாச் செய்யுங்கன்னுதான் சொல்றேன். யாரும் கேட்கறதில்ல. நல்லா இருக்கிற நாள்ல எல்லாத்தையும் செஞ்சு முடிச்சுட்டுப் படுத்துடறாங்க" என்றார். ஒரு கடிதம் கொடுத்தார். வேலை செய்யலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று மாடி, நடுவில் உட்கார்ந்து.

சூப்பர்வைசர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். நானும் கூடப் போயிருந்தேன்.

"அரை கட்டடமா? இதுல லைனை எப்படிம்மா முடிப்பீங்க?"

அம்மா கணக்கோடு வந்திருந்தாள். "பதினொரு கட்டடம். கீழ் மூணு மாடி எனக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள்னா இருபத்திரண்டு நாள்ல முடியும். மேல் மூணு மாடி பம்பரத்துக்கு. அதுக்குப் பதிலா அவன் எழுதற அட்டை அத்தனையும் நான் வீட்டுல வெச்சுச் சரிபார்த்துத் தர்றேன். அவன் எழுதற ஏழு எது, ஒண்ணு எதுன்னு உங்களுக்கே தெரியாது."

ஓரத்தில் நின்றிருந்த பம்பரம், "அக்கா, மானத்தை வாங்காதீங்க" என்றார்.

"நீ ஒத்துக்கறியா?"

"ஏழுக்கு நடுவுல ஒரு கோடு போட்டுடறேன். ஒத்துக்கறேன்."

சூப்பர்வைசர் பேனாவை மூடினார். "நீலக் கட்டடத்துல வெச்சுப் பார்ப்போம். உங்க பின்னாலேயே நானும் படிச்சுக்கிட்டு வருவேன். ஒரு நம்பர் தப்பினாலும் லைன் போச்சு. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அந்த வாரம் எண்ணிக்கை மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு வேண்டாம் என்றிருந்தது. "மறுபடி வந்தா என்ன பண்றதும்மா? இன்னொரு தடவை இப்படிப் படுத்தா?"

"வரலாம். நான் முகக்கவசம் போட்டுக்கறேன், ஜன்னலைத் திறக்கிறேன். வீட்டுக்குள்ளேயே இருந்தா வராதுன்னு எழுதிக் கொடு, இருக்கேன்."

எழுதிக் கொடுக்க முடியவில்லை. அன்று விடுப்பு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

நீலக் கட்டடம். காலை ஒன்பதரை. அம்மா ஒவ்வொரு மாடியிலும் முதலில் படிக்கட்டு ஜன்னலைத் திறந்தாள். பிறகு பெட்டி. எண்ணை வலது ஓரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இலக்கமாகத் தலைகீழாகச் சொன்னாள்.

"எதுக்கு இப்படி?" என்றார் சூப்பர்வைசர்.

"நேராப் படிச்சா போன மாசம் நாக்குல வந்துடுது சார். இப்படிப் படிச்சா கண்ணால பார்த்துத்தான் ஆகணும்."

முதல் மாடியில் ஆறும் சரி. அம்மா படியில் உட்கார்ந்து நாடியைப் பிடித்தாள். எட்டு நிமிடம். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது மாடியில் ஆறும் சரி. ஒன்பது நிமிடம். மூன்றாவது மாடியில் தையல்காரர் ஒரு நாற்காலியைக் கதவுக்கு வெளியே போட்டுவிட்டு உள்ளே இருந்தபடியே சொன்னார். "மீட்டரம்மா, அது கொஞ்சம் ஆடும், பார்த்து உட்காருங்க. வெளிய வரமாட்டேன், எனக்கு வயசாச்சு, பயமா இருக்கு."

"வரவேணாம். தண்ணி வருதில்ல?"

"வருது, வருது. அப்பப்ப நின்னாலும் நிக்கும்."

மூன்றாவது மாடியிலும் ஆறும் சரி. பதினெட்டு மீட்டர், பதினெட்டு எண். சூப்பர்வைசர் தன் தாளையும் அவள் அட்டையையும் ஒப்பிட்டார். அவர் தாளில் ஒரு இடத்தில் ஒரு இலக்கம் வேறாக இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தார். அடித்துத் திருத்தினார். அவருடையதைத்தான்.

"நல்லாத்தான் பண்றீங்க. இன்னும் மூணு மாடி. அதையும் ஏறிட்டா முழுக் கட்டடம். இப்பவே கையெழுத்து போட்டுடறேன். யாரும் ஒண்ணும் கேட்க முடியாது."

அம்மா மேலே போகும் படிகளைப் பார்த்தாள். அவளால் ஏற முடியும் என்று எனக்குத் தெரியும். அன்று முடியும். அவள் என் பக்கம் திரும்பினாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"முடியாது சார்."

"லைன் போயிடும்மா."

"தெரியும். இன்னைக்கு ஏறலாம். நாளான்னைக்கு நான் எழுதற நம்பர் தப்பா இருக்கும். தப்பு நம்பர் எழுதறதுக்கு எனக்கு லைன் வேண்டாம்."

இருபத்தோரு வருடம். ஆனாலும் அட்டையை மூடிப் பையில் வைத்தாள்.

சூப்பர்வைசர் சுவரில் சாய்ந்து நின்றார். போனை எடுத்துப் பார்க்கிற மாதிரி குனிந்தார். முகக்கவசம் உள்ளே வெளியே என்று வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏறி வந்து கால்மணி நேரம் ஆகியும் அவருக்கு மூச்சு அடங்கவில்லை. எனக்கு அப்போதுதான் பட்டது. அம்மா முன்பே பார்த்திருக்க வேண்டும். நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உட்காருங்க சார்."

"எனக்கு ஒண்ணுமில்ல."

"எனக்கும் ஒண்ணுமில்லன்னுதான் முதல்ல எழுதிக் கொடுத்தாங்க."

அவர் உட்கார்ந்தார். நாற்காலி ஆடியது. படியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்களுக்கு ராத்திரி தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரியே இருக்குமா?"

"இருக்கும்."

"ஒரு வருஷமா எனக்கு அப்படித்தான். ஆபீஸ்ல சொல்லல. வீட்லயும் சொல்லல."

"நாடி எவ்வளவு?"

"பார்த்ததில்ல."

"கையைக் கொடுங்க."

மூன்றாவது மாடிப் படிக்கட்டில், ஒரு நிமிடம் முழுதாக, அம்மா அவருடைய நாடியை எண்ணினாள். பிறகு அவர் தாளின் பின்பக்கத்தில் நான்கு பத்தி போட்டுக் கொடுத்தாள். பத்திகளின் தலைப்புகளை மட்டும் நான் எழுதினேன்.

மறுநாள் அவர் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. கீழ் மூன்று மாடி அம்மாவுக்கு. அரை கட்டடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதற்குப் பிறகு நான்கு வருடம் இரண்டு மாதம் அந்த லைனைப் பார்த்தாள். நடுவில் இரண்டு முறை விழுந்தாள். ஒருமுறை மறுபடி தொற்று வந்தது, ஒருமுறை அவளே நல்ல நாளென்று கூடுதலாக ஒரு மாடி ஏறிவிட்டாள். இரண்டு முறையும் நோட்டைப் பார்த்து எழுந்து வந்தாள். கடைசி மாத அட்டையில் தப்பு எண் இல்லை. நான் போய்ப் பார்த்தேன்.

போன வாரம் பம்பரம் போன் செய்தார். மூன்று மாதம் முன்பு அவருக்கும் தொற்று வந்துவிட்டுப் போயிருக்கிறது. அவர் படியில் மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை.

"பாப்பா, அக்கா நாடியை எப்ப எண்ணுவாங்க? பல்லு விளக்கறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால. படுத்தபடியே. வேலைக்குப் போறீங்களா அண்ணே?"

"போறேன். ஆனா அரை கட்டடம்தான். சூப்பர்வைசர்கிட்ட எப்படிக் கேட்கறதுன்னு ரெண்டு நாளா வீட்டுல பேசிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். கண்ணீர்கூட வர வெச்சுப் பார்த்தேன். உள்ள போய் நிக்கிறேன், மனுஷன் நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாலயே தாளை நீட்டறாரு. அரை கட்டடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு எல்லாம் எழுதி வெச்சிருக்காரு. நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் வீணாப் போச்சு."

"இப்ப எங்கே இருக்கீங்க?"

"மஞ்சக் கட்டடம், ரெண்டாவது மாடி. உட்கார்ந்திருக்கேன். இன்னும் நாலு நிமிஷம் இருக்கு, பேசு."